ஊதாமல் செய்த வாசனைக் குப்பி

கேள்வி இது: "லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கருநீலக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்தேன். உடம்பு முழுக்க மஞ்சளும் வெளிர்நீலமுமாக நெளிநெளிக் கோடுகள். வாசனைத் தைலப் புட்டி, கி.மு. 5ஆம் நூற்றாண்டு, கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி என்று அட்டையில் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடி ஊதும் வித்தையே கிடையாது என்கிறார்கள். பிறகு எப்படிச் செய்தார்கள்? கோடுகளை எதை வைத்து வரைந்தார்கள்? அடிப்பக்கம் உருண்டையாக இருக்கிறதே, எப்படி நிற்கும்? உள்ளே என்ன இருந்தது?"

கோடுகளிலிருந்து தொடங்குகிறேன். அவற்றை யாரும் வரையவில்லை. தூரிகையும் இல்லை, சாயமும் இல்லை. அவையும் கண்ணாடிதான். நீலக் கண்ணாடி இளகிய நிலையில் இருக்கும்போதே மஞ்சள் இழையை அதன்மேல் சுற்றி, உள்ளே அமுங்கும்படி உருட்டியிருக்கிறார்கள். கையில் எடுத்துத் தடவிப் பார்க்க விட்டால் விரலுக்குக் கோடு மேடாகத் தட்டுப்படாது. அலங்காரம் தனி வேலை, புட்டி செய்வது தனி வேலை என்று இங்கே பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே சூட்டில், ஒரே கையில் நடந்தவை.

செய்முறை இப்படி. ஒரு இரும்புக் கம்பியின் நுனியில் களிமண்ணும் சாணமும் பிசைந்து, குப்பியின் உட்புறம் எந்த வடிவத்தில் வேண்டுமோ அந்த வடிவத்தில் பிடித்துக் காய வைப்பார்கள். இதைக் கரு என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த கருவைச் சூடாக்கி, அதன்மேல் உருகிய கண்ணாடியை ஏற்றுவார்கள். முக்கி எடுத்தார்களா, இழையாக இழுத்துச் சுற்றினார்களா, பொடியில் புரட்டி உருக்கினார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. கேஸ் பர்னரில் கண்ணாடிப் பாசி செய்கிறவன் என்ற முறையில் என் ஓட்டு சுற்றியதற்குத்தான். சுமார் 1000 டிகிரி சூட்டில் கண்ணாடி தேன் பதத்துக்கு வரும். ஒரு கையால் கம்பியைத் திருப்பிக்கொண்டே மறு கையால் ஜிலேபி மாவு விடுவதுபோல் விட்டால் தானாகச் சுற்றிக்கொள்ளும். பிறகு தட்டையான கல்லின்மேல் உருட்டினால் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சுவராகிவிடும்.

இப்போது வேறு நிற இழை. மேலிருந்து கீழே ஒரே இழையாகத் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு வருவார்கள். தனித்தனி வளையங்கள் போலத் தெரியும், ஆனால் பெரும்பாலும் ஒரே இழைதான். உற்றுப் பார்த்தால் சில குப்பிகளில் இழை தொடங்கிய இடத்தில் ஒரு சின்ன மொட்டுகூடத் தெரியும். இழை இளகியிருக்கும்போதே கூரான ஒரு கருவியை அதன்மேல் செங்குத்தாக இழுக்க வேண்டும். இழுத்த திசையில் கோடு முனை முனையாகக் கூடவே வரும். எல்லா இழுப்பும் ஒரே திசையில் என்றால் இறகு மாதிரியோ தோரணம் மாதிரியோ அமையும்: ஒரு பக்கம் கூர்முனை, மறுபக்கம் வளைவு. ஒரு இழுப்பு மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றி இழுத்தால்தான் நீங்கள் பார்த்த நெளி. கேக்கின்மேல் க்ரீம் கோடு போட்டுப் பல்குச்சியால் இழுக்கிறார்களே, அதே வேலை. என்ன, இங்கே க்ரீம் கையைச் சுடும்.

அடுத்த தடவை போனால் இதைக் கவனியுங்கள். நெளியின் ஒவ்வொரு முனைக்கும் நேராக, குப்பியின் உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய பள்ளம் ஓடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் நன்றாகத் தெரியும். கருவி போன தடம் அது. உருட்டி மறைத்திருக்கலாம். பல குப்பிகளில் மறைக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்த வரிவரியான தோற்றம் அவர்களுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முனைகளை எண்ணினால் அந்தக் கை எத்தனை தடவை இழுத்தது என்பதையே எண்ணிவிடலாம்.

பிறகு வாயையும் கழுத்தையும் இடுக்கியால் இழுத்து ஒழுங்குபடுத்தி, விளிம்புக்கு ஒரு தடித்த இழையைச் சுற்றி, இரண்டு பக்கமும் சின்னக் காதுகள் ஒட்டி, மெதுவாக ஆற வைக்க வேண்டும். இந்த 'மெதுவாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தடவை நானும் ஆசைப்பட்டு நான்கு சென்டிமீட்டரில் ஒன்று செய்தேன். கருவை வெறும் மண்ணில் கெட்டியாகப் பிடித்திருந்தேன். நெளி அழகாக விழுந்தது. சாம்பலில் புதைத்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி ஆறும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் கரு இடம் விடாவிட்டால் வேறு வழியே இல்லை, வெடித்துவிடும். சாணம் கலந்தது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சூட்டில் சாணத்தின் நார் எரிந்துபோய்க் கரு பொரபொரப்பாகிவிடும், சுருங்கும் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்கும். மண் அடுப்பு போடுகிறவர்கள் மண்ணில் உமியும் வைக்கோலும் சேர்ப்பதும் வெடிப்புக்குப் பயந்துதானே. பழைய புத்தகங்கள் இதை மணல் கரு என்று எழுதின. எகிப்தியக் குப்பிகளின் உள்ளே ஒட்டியிருந்ததைச் சோதித்துப் பார்த்தபோது கிடைத்ததோ களிமண்ணும் சாண நாரும்.

ஆறிய பிறகு கம்பியை உருவிவிட்டு, தண்ணீர் விட்டு ஊற வைத்து, அந்தக் குறுகிய வாய் வழியாகவே கருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். முழுதாக வரவே வராது. அதனால்தான் இந்தக் குப்பிகளின் உட்சுவர் சொரசொரப்பாக, செம்மண் பூசியதுபோல் இருக்கிறது. வெளியே எவ்வளவு பளபளப்போ உள்ளே அவ்வளவு கரடு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலும் ஊடுருவித் தெரியாமல் கல் மாதிரி இருப்பதற்கு இந்தப் பூச்சும் ஒரு காரணம்.

கல் மாதிரி என்று தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் காலத்தவருக்குக் கண்ணாடி என்றால் உள்ளே இருப்பது தெரியும் பொருள் அல்ல, மனிதன் செய்த மணிக்கல். பழைய அசீரியத் தலைநகரான நினிவேயில் அசுர்பனிபால் மன்னனின் நூலகத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் கண்ணாடிச் செய்முறைகள் இருக்கின்றன. அந்தப் பலகைகளின் மொழியில் நீலக்கல்லில் இரண்டு வகை: மலை நீலக்கல், உலை நீலக்கல். முதலாவது ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த அசல் லாபிஸ் லசூலி, இரண்டாவது கண்ணாடி. எகிப்தின் புனித முதலைகளுக்குக் காதணி போட்டிருந்ததைச் சொல்லும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், பொன்னோடு 'உருக்கி வார்த்த கல்'லாலும் செய்தார்கள் என்கிறார். அது கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் குப்பியைச் செய்த காலமும் ஹெரோடோட்டஸ் எழுதிய காலமும் ஒன்றுதான்.

நிறங்களைப் பற்றிச் சுருக்கமாக. கருநீலத்துக்கு கோபால்ட், ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. வெளிர்நீலத்துக்குச் செம்பு. மஞ்சளுக்கு ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த உப்பு, வெள்ளைக்குச் சுண்ணாம்பும் ஆன்டிமனியும். வெள்ளை உடம்பில் கத்தரிப்பூ நிறக் கோடு போட்ட குப்பிகளும் உண்டு, அந்த நிறம் மாங்கனீசு. என்னைக் கேட்டால் நீலத்தைவிட அவைதான் அழகு, ஆனால் போஸ்ட்கார்டில் போடுவதெல்லாம் நீலத்தைத்தான்.

மணலையும் உப்பையும் உருக்கிக் கண்ணாடியாக்குகிறவர் ஒருவர், அதை வாங்கிப் பாத்திரம் செய்கிறவர் இன்னொருவர் என்பது மிகப் பழைய ஏற்பாடு. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கு அருகே, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூழ்கிய ஒரு கப்பலை 1982இல் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர் கண்டுபிடித்தார். அதில் பத்து டன் செம்போடு சுமார் 175 கண்ணாடிக் கட்டிகளும் இருந்தன. கருநீலம், வெளிர்நீலம், ஊதா நிறங்களில், பணியாரம் மாதிரி வட்டக் கட்டிகள். உருக்கிச் சுற்றத் தயாராக இருந்த சரக்கு அது.

உங்கள் குப்பி இந்த வித்தையின் முதல் பிள்ளை அல்ல. ஆயிரம் வருடம் முன்பே எகிப்தில் இது உச்சத்தில் இருந்தது. மூன்றாம் துட்மோஸ் மன்னனின் பெயர் பொறித்த ஒரு சின்ன வெளிர்நீல ஜாடி அதே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த கண்ணாடிப் பாத்திரங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று, கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அங்கேயே ஒரு மீனும் இருக்கிறது. எகிப்தின் அமர்னாவில் 1921இல் ஒரு வீட்டின் தரைக்கு அடியில் கிடைத்தது. சுமார் பதினான்கு சென்டிமீட்டர் நீளம். நைல் நதித் திலாப்பியா, நம்மூர் மீன்கடையில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அந்த வகை. வெள்ளை, மஞ்சள் இழைகளை வளைவு வளைவாக இழுத்துச் செதில்களை வரவழைத்திருக்கிறார்கள். துடுப்புகள் தனியே ஒட்டியவை. தைலம் ஊற்றுவது மீனின் வாய் வழியாக. இந்த மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அதனால் எகிப்தியருக்கு அது மறுபிறப்பின் அடையாளம். வாயிலிருந்து தைலம் வரும்படி செய்தவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? ஒரே ஒரு கண்ணாடிப் பொருளைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் அந்த மீனிடம்தான் போவேன்.

கி.மு. 1200ஐ ஒட்டி அந்தப் பக்கத்து அரசுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தபோது இந்தத் தொழிலும் ஏறக்குறைய காணாமல் போனது. மெசபடோமியாவில் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு மறுபடி துளிர்த்து, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்கத் தீவுகளுக்கு வந்தது. ரோட்ஸ் தீவு முக்கியமான இடம் என்பது பரவலான கருத்து, அங்கே கமைரோஸ், இயாலிசோஸ் கல்லறைகளில் அவ்வளவு கிடைத்திருக்கின்றன. கருங்கடல் கரை முதல் இத்தாலி, கார்த்தேஜ் வரை போயிருக்கின்றன. பெரும்பாலும் கிடைப்பது கல்லறைகளிலும் கோயில் காணிக்கைகளிலும்தான். வீட்டில் இருந்தவை உடைந்து குப்பைக்குப் போயிருக்கும்.

சரி, அடிப்பக்கம். இந்தக் குப்பிகள் நாலைந்து வடிவங்களுக்குள் அடங்கிவிடும். நீளமான உருளையாக, அடி உருண்டு, கழுத்துக்குக் கீழே இரண்டு சின்னக் காதுகளோடு இருந்தால் அலபாஸ்ட்ரோன். உங்கள் வர்ணனை அதோடுதான் பொருந்துகிறது. பந்து மாதிரி இருந்தால் அரிபல்லோஸ். மது ஜாடியைச் சிறிதாக்கியது போலக் கூரான அடியோடு இருந்தால் அம்போரிஸ்கோஸ். கெண்டி போல ஒரு கைப்பிடியும் மூக்கும் இருந்தால் ஓய்னோகோயே, அது மட்டும்தான் தன் காலில் நிற்கும். மற்றவற்றைத் தாங்கியில் செருகி வைப்பார்கள், அல்லது காதில் கயிறு கோத்துத் தொங்கவிடுவார்கள். பானைச் சித்திரங்களில் பெண்கள் அலபாஸ்ட்ரோனைக் கையிலேயே பிடித்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வடிவமே கல்லிலிருந்து வந்தது: எகிப்தில் அலபாஸ்டர் கல்லைக் குடைந்து செய்த தைலப் புட்டியின் நகல். கல்லைக் குடைகிறவனுக்கு அடி உருண்டையாக இருப்பது வசதி. கண்ணாடிக்காரனுக்கு அந்த அவசியமே இல்லை, ஆனாலும் அப்படியே செய்தான், வாங்குகிறவருக்குத் தைலப் புட்டி என்றால் அந்த வடிவம்தான் என்பதால்.

வாயைச் சுற்றி அகலமான தட்டு விளிம்பு இருந்ததா? அது அழகுக்கு மட்டும் அல்ல. குப்பியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு அந்தத் தட்டில் வந்து நிற்கும், அதையே தோலில் வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம். சுவர் தடிமன் போக உள்ளே பிடிப்பதோ இரண்டு மூன்று மேசைக்கரண்டி. தாராளமாக ஊற்றிக்கொள்ள வாய்ப்பே இல்லை.

உள்ளே இருந்ததை சென்ட் என்று நினைத்தால் தப்பாகப் போய்விடும். ஆல்கஹாலில் வாசனை இறக்கும் முறை அன்று இல்லை. எல்லாம் எண்ணெய்தான், அத்தர் மாதிரி தடவிக்கொள்வது. பிஞ்சு ஆலிவ் எண்ணெயிலும் 'பலானோஸ்' என்ற எண்ணெயிலும் ரோஜா, லில்லி, மருவு, ஐரிஸ் கிழங்கு போன்றவற்றை ஊற வைப்பார்கள். இந்த பலானோஸ் யார் தெரியுமா? நம் முருங்கையின் உறவுக்காரர். எகிப்து, அரேபியப் பாலைகளில் வளரும் காட்டு முருங்கையின் விதை எண்ணெய். சீக்கிரம் சிக்கு வாடை வராது, தனக்கென்று வாசமும் இல்லை. வாசனைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? வாசனைகளைப் பற்றித் தனியாகவே எழுதிய கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ், தைலத்தை ஈயப் புட்டியிலும் அலபாஸ்டர் கல்லிலும் வைக்கச் சொல்கிறார். சூடு பட்டால் வாசம் போய்விடும், நெருக்கமான, குளிர்ச்சியான பாத்திரம் வேண்டும் என்பது காரணம். அலபாஸ்டர்தான் மேல் என்று சில நூற்றாண்டுகள் கழித்து ரோமானிய எழுத்தாளர் பிளினியும் சொல்கிறார். ஆக, கண்ணாடியை இவர்கள் யாரும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் சுட்ட மண் மாதிரி அது எண்ணெயைக் குடிக்காது. அதோடு, பார்க்க எப்படி இருக்கிறது!

இன்ன குப்பியில் இன்ன வாசனை என்று சொல்ல முடிவது அபூர்வம். நல்ல உதாரணம் ஒன்று உண்டு, ஆனால் அது ரோமானியக் காலத்தது, குப்பியும் கண்ணாடி அல்ல, குவார்ட்ஸ் எனும் படிகக் கல். ஸ்பெயினின் கார்மோனா ஊரில் 2019இல் கண்டெடுத்த ஒரு குடும்பக் கல்லறையில், ஒரு பெண்ணின் அஸ்திக் கலயத்துக்குள் இருந்தது. வாயைக் கல் தக்கையால் மூடி நிலக்கீல் பூசியிருந்ததால் உள்ளே இருந்தது கெட்டியாக உறைந்து அப்படியே கிடைத்தது. 2023இல் வெளிவந்த ஆய்வின்படி அது ஒரு தாவர எண்ணெயும், பாட்சூலியும். பாட்சூலி தெற்கு, தென்கிழக்கு ஆசியச் செடி. அந்தப் பெயரே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் குறிக்கின்றன. பச்சிலை என்று சொல்லிப் பாருங்கள், காதிலேயே கேட்கும். அதே முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் கையேடு, முசிறிப் பக்கத்துத் துறைமுகங்களில் இறங்கும் சரக்குகளில் கண்ணாடிக் கட்டியையும், ஏறும் சரக்குகளில் கங்கைச் சடாமாஞ்சிலையும் லவங்கப் பத்திரியையும் சேர்க்கிறது. இரண்டும் ரோமானிய வாசனைத் தைலங்களில் விலை உயர்ந்த சேர்மானங்கள்.

ஒரு கதையை மட்டும் நம்பாதீர்கள். இத்தகைய குப்பிகளைக் 'கண்ணீர்க் குப்பி' என்பார்கள்: துக்க வீட்டுக்காரர்கள் அழுத கண்ணீரைப் பிடித்துக் கல்லறையில் வைத்தார்களாம். கல்லறைகளில் குப்பிகள் குவியலாகக் கிடைத்ததும், பைபிள் சங்கீதத்தில் 'என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்' என்று ஒரு வரி இருப்பதும் சேர்ந்து பிறந்த கதை. துருத்தி என்றால் தோல் பை. குப்பிகளைச் சோதித்தபோது கிடைத்ததெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கும் பிசினும்தான்.

கடைசியில் இந்த வித்தையை ஒழித்தது காற்று. கி.மு. முதல் நூற்றாண்டின் நடுவில் சிரியா, பாலஸ்தீனக் கரையில் யாரோ ஒரு கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை மூடி மறுமுனையில் ஊதிப் பார்த்தார்கள். எருசலேமில் தொல்லியலாளர் நஹ்மான் அவிகாட் தோண்டியபோது அப்படி ஊதிப் பார்த்த கழிவுகள் குவியலாகக் கிடைத்தன. நான் அரை நாள் உட்கார்ந்து செய்கிற குப்பியை ஊதுகிறவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ காலத்து ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் குவளை வாங்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. தைலக் குப்பிகள் பச்சையும் நீலமுமாக, கோடு எதுவும் இல்லாமல் மூட்டை மூட்டையாக வந்தன. கருவும் போயிற்று, நெளியும் போயிற்று. ஊதிய குப்பியில் உட்புறம் தெளிவு. ஊடே பார்க்கும் கண்ணாடி என்ற எண்ணமே அதற்கப்புறம்தான் சாதாரணமானது.

இணையத்தில் இதே மாதிரி ஒன்று விற்பனைக்கு இருக்கிறதே, வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். அசலாக இருந்தால் ஏதோ ஒரு கல்லறையைத் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்ததாக இருக்கலாம். புதிதாகச் செய்ததாக இருந்தால் பெரும்பாலும் ஊதியது, உள்ளே டார்ச் அடித்தால் சுவர் வழுவழுவென்று இருக்கும், கோடு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நகல் என்று சொல்லியே விற்றால் வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மறுபடி மியூசியம் போனால் முழுக் குப்பிகளைப் பார்த்த கையோடு அதே பெட்டியின் ஓரத்தில் உடைந்த சில்லுகள் வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். யாரும் நின்று பார்க்காத மூலை அது. உடைந்த விளிம்பைப் பக்கவாட்டில் பாருங்கள்: நடுவில் தடித்த நீலம், வெளிப்பக்கத்தில் நகக்கண் அளவு ஆழத்துக்கு மட்டும் இறங்கிய மஞ்சள், உள்பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்மண்.